மைக் எங்கே நின்றது: மேடையில் பதிவான சில ஜாஸ் ஆல்பங்கள்

ஜாஸ் கேட்க வேண்டும், எதிலிருந்து ஆரம்பிப்பது என்று யாராவது கேட்டால் பெரும்பாலானோர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வைத்தான் கையில் கொடுப்பார்கள். 1959இல் நியூயார்க்கில், ஒரு காலத்தில் தேவாலயமாக இருந்த கட்டடத்தில் கொலம்பியா கம்பெனி வைத்திருந்த ஸ்டுடியோவில் பதிவானது. அருமையான ஆல்பம். அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அதனால் நான் விட்டுவிடுகிறேன். எனக்குப் பிடித்தவை மேடையில், ஜனங்களுக்கு முன்னால் வாசிக்கும்போது பதிவானவை. அவற்றில் சிலதை மட்டும் சொல்கிறேன். எந்தப் பதிப்பை வாங்கலாம், எதன் பக்கம் போகக் கூடாது என்பதையும் சேர்த்து.

நான் மைக் செட் தொழிலில் இருப்பவன். தஞ்சாவூர் பக்கம். கோயில் திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம், அப்புறம் சபாக்காரர்கள் கூப்பிட்டால் கச்சேரி. ராகம் தாளமெல்லாம் கேள்வி ஞானம்தான். ஜாஸின் இலக்கணம் அதைவிடக் குறைவு. ஆனால் ஒரு பதிவைப் போட்டால் மைக்கை எங்கே வைத்திருக்கிறார்கள், வாசிப்பவர் எவ்வளவு கிட்டே நிற்கிறார், கூரை உயரமா தாழ்வா, கூட்டம் எத்தனை தூரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதெல்லாம் காதில் விழுந்துவிடும். தொழில் பழக்கம். இந்த விமர்சனம் அந்தக் காதுக்குப் பட்டதைச் சொல்வது.

முதலில் டியூக் எலிங்டன். 1956 ஜூலை 7, சனிக்கிழமை இரவு. அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்துக் கடற்கரை ஊரான நியூபோர்ட்டில் ஜாஸ் விழா, திறந்தவெளி மைதானம். எலிங்டனுக்கு அப்போது 57 வயது. பெரிய பேண்டுகளுக்கு மவுசு குறைந்துபோய், இவருடைய பேண்டும் தள்ளாடிக்கொண்டிருந்த காலம். அவர்கள் முழுதாக மேடையேறி உட்காரும்போது நள்ளிரவு நெருங்கிவிட்டது. ஜனங்கள் எழுந்து போக ஆரம்பித்திருந்தார்கள். கடைசிக் கச்சேரிக்கு மேடை ஏறுபவர்களின் பாடு எந்த ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

அப்போது எலிங்டன் எடுத்தது 1937இல் அவர் எழுதிய பழைய உருப்படி, 'டிமினுவெண்டோ அண்ட் கிரெசெண்டோ இன் ப்ளூ'. இரண்டு பாகம் கொண்டது. முதலில் நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய இசைத்தட்டில் பக்கத்துக்கு ஒன்றாக வந்தது. மேடையில் அந்த இரண்டுக்கும் நடுவே டெனர் சாக்ஸபோன்காரர் பால் கான்சால்வெஸ் எழுந்து தனியாக வாசிக்க வேண்டும். பார் என்பது நம் ஆவர்த்தனம் மாதிரி ஒரு தாள அளவு. ப்ளூஸ் என்ற பாட்டு வகையில் 12 பார் சேர்ந்தால் ஒரு சுற்று, அதைக் கோரஸ் என்பார்கள். கான்சால்வெஸ் அன்றைக்கு நிறுத்தாமல் 27 சுற்று வாசித்தார். மொத்தம் 324 பார், ஆறு நிமிடத்துக்கு மேல். பின்னால் ஜிம்மி வூட் பாஸ் (நிறுத்திவைத்து வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியம்), சாம் வுட்யார்ட் டிரம்ஸ், இடையிடையே எலிங்டனின் பியானோ இரண்டு தட்டு, மூன்று தட்டு. வேறு எதுவும் கிடையாது. சோலோ பாதி வருவதற்குள் முன்வரிசையில் கறுப்பு உடை போட்ட ஒரு பெண் எழுந்து ஆட ஆரம்பித்துவிட்டார். மேடைக்குக் கிட்டே உட்கார்ந்திருந்த ஜோ ஜோன்ஸ், அவரே பெரிய டிரம்மர், சுருட்டிய செய்தித்தாளால் தட்டித் தாளம் கொடுத்து உசுப்பினார் என்று ஆல்பத்தின் அட்டைக் குறிப்பிலேயே இருக்கிறது. போகக் கிளம்பிய கூட்டம் நாற்காலி மேல் ஏறி நின்றது.

இதில் என் தொழில் சம்பந்தப்பட்ட சங்கதி ஒன்று உண்டு. அன்று மேடையில் இரண்டு பேருடைய மைக்குகள் இருந்தன. ஒன்று ஆல்பத்துக்காகப் பதிவுசெய்த கொலம்பியா கம்பெனியுடையது. மற்றது 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா' வானொலியுடையது. கச்சேரியில் சபா மைக்குக்குப் பக்கத்தில் ஆகாசவாணிக்காரர்கள் தங்கள் மைக்கைக் கொண்டுவந்து நிறுத்துவார்களே, அதே நிலைமை. கான்சால்வெஸ் எழுந்து வந்தவர் நேராக வானொலி மைக் முன்னால் போய் நின்றுவிட்டார். அதனால் கொலம்பியாவின் டேப்பில் டிரம்ஸ் இருக்கிறது, பாஸ் இருக்கிறது, கூட்டம் போட்ட கூச்சல் இருக்கிறது. அந்த இரவின் நாயகன் மட்டும் எங்கோ தள்ளி நிற்கிற மாதிரி கேட்கிறார். நாகஸ்வரத்துக்கு மைக் வைத்தவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் புரியும். நாம் ஸ்டாண்டை நடுவில் வைத்திருப்போம், வித்வான் தவில்காரர் பக்கம் திரும்பிக்கொண்டு உயிரைக் கொடுத்து வாசிப்பார்.

1956இல் வந்த ஆல்பம் அந்தத் தூரத்துச் சாக்ஸபோனோடுதான் வந்தது. வந்து விற்பனையிலும் எலிங்டனின் மற்ற எல்லா ஆல்பங்களையும் தாண்டியது. கச்சேரி நடந்த அடுத்த மாதமே 'டைம்' பத்திரிகை அவர் படத்தை அட்டையில் போட்டது. ஆனால் அந்த ஆல்பத்தின் பெரும்பகுதி நியூபோர்ட்டில் பதிவானதே இல்லை. விழாவுக்காகப் புதிதாக எழுதிய உருப்படிகள் மேடையில் சரியாக அமையவில்லை என்று, இரண்டு நாள் கழித்து ஸ்டுடியோவில் மறுபடி வாசிக்கவைத்து, மேலே கைதட்டலை ஒட்டிவிட்டார்கள். தெரிந்துகொண்டு கேட்டால் ஒட்டு நன்றாகவே தெரியும். கைதட்டல் ஒரே அளவில் வரும், மைதானத்தின் வெட்டவெளி அதில் இருக்காது.

1990களில் வானொலிக்காரர்களின் டேப் வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்தில் கிடைத்தது. அதைக் கொலம்பியா டேப்போடு நொடிக்கு நொடி பொருத்தி, ஒன்றை ஒரு பக்கமும் மற்றதை மறுபக்கமும் வைத்து ஸ்டீரியோவாக்கி, ஃபில் ஷாப் என்பவர் 1999இல் வெளியிட்டார். அட்டையில் 'கம்ப்ளீட்' என்று போட்டிருக்கும், இரண்டு சிடி. வாங்கினால் இதைத்தான் வாங்க வேண்டும். ஆன்லைனில் கேட்பவர்களும் பெயரைப் பார்த்துவிட்டுத் தட்டுங்கள், இரண்டுமே பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். சாக்ஸபோன் பக்கத்தில் வந்து நிற்கும்போது, ஸ்வரத்துக்கு முன்னால் அவர் மூச்சு வாங்குவதுகூட அந்த இசையின் பகுதி என்று தெரிகிறது. ஸ்டுடியோவில் மறுபடி வாசித்ததும் இதே தொகுப்பில் தனியாக இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க ஆசைப்படுபவர்கள் பார்க்கலாம். நான் ஒருமுறை கேட்டதோடு சரி.

கூட்டம் கட்டுக்கடங்காமல் போனதும் எலிங்டன் என்ன செய்தார் என்பதையும் இந்தப் பதிப்பில் கேட்கலாம். ஜானி ஹாட்ஜஸை அழைத்து, நிதானமாக ஒரு காதல் பாட்டை வாசிக்கவைத்தார். ஆல்டோ சாக்ஸபோனில் ஹாட்ஜஸ் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகும் அழகுக்கே இந்த இரண்டாவது சிடியைப் போடலாம். கூட்டத்தை எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது என்று தெரிந்த ஆள்.

அடுத்தது பில் எவன்ஸ். இதற்கு நேர்எதிர் உலகம். மைதானம் கிடையாது, 27 சுற்று கிடையாது. நியூயார்க்கில் செவன்த் அவென்யூ சவுத்தில் 'வில்லேஜ் வான்கார்ட்' என்று ஒரு கிளப். 1935இல் மாக்ஸ் கார்டன் தொடங்கியது, இன்றைக்கும் நடக்கிறது. படி இறங்கிப் போக வேண்டிய நிலவறை. முக்கோணமாகக் குறுகிக்கொண்டே போகும் அறை, குறுகிய முனையில் மேடை. நூற்றுச் சொச்சம் பேர் உட்காரலாம், அவ்வளவுதான். 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. பியானோவில் எவன்ஸ், பாஸில் ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸில் பால் மோஷன். மதியம் இரண்டு அமர்வு, இரவு மூன்று. ரிவர்சைடு கம்பெனியின் ஆரின் கீப்நியூஸ் தயாரிப்பாளர், டேவ் ஜோன்ஸ் ஒலிப்பதிவு. அந்த ஒரே நாளில் பதிவானதிலிருந்து 'சண்டே அட் தி வில்லேஜ் வான்கார்ட்', 'வால்ட்ஸ் ஃபார் டெபி' என்று இரண்டு ஆல்பங்கள் வந்தன.

இதில் 'வால்ட்ஸ் ஃபார் டெபி' எனக்கு அறிமுகமானது சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில். ஸ்பீக்கர் வாங்கப் போன கடையில் டெஸ்ட் பண்ணிக் காட்ட அந்தச் சிடியைத்தான் போட்டார்கள். உலகம் முழுக்க ஸ்பீக்கர் விற்பவர்களுக்கு இது பிடித்த சிடி என்பது பிறகுதான் தெரிந்தது. காரணம் இருக்கிறது. முதல் பாட்டு 'மை ஃபூலிஷ் ஹார்ட்'. பியானோ மெல்ல நாலு ஸ்வரம் வைத்ததும், மோஷன் சிம்பலில் பிரஷ்ஷால் தடவுகிறார். குச்சி இல்லை, கம்பி பிரஷ். அந்தத் தடவலின் ஓசை மெலிந்து மெலிந்து காற்றில் கரைவது நல்ல ஸ்பீக்கரில் முழுக்கக் கேட்கும், சுமாரான ஸ்பீக்கரில் பாதியிலேயே அறுந்துவிடும். பாட்டு போகும் வேகமோ அடுத்த ஸ்வரம் வருமா வராதா என்று நாம் காத்திருக்க வேண்டிய வேகம்.

ஸ்பீக்கரைச் சோதித்து முடித்த பிறகும் இதை நான் கேட்டுக்கொண்டிருப்பதற்குக் காரணம் லஃபாரோ. வழக்கமாக ஜாஸில் பாஸ்காரரின் வேலை பாருக்கு நாலு அடி வைத்து நடந்துகொண்டே இருப்பது. மற்றவர்கள் அதன் மேல் நின்றுதான் கச்சேரி செய்வார்கள். லஃபாரோ நடக்க மறுத்தார். எவன்ஸ் ஒரு வாக்கியம் சொன்னால் இவர் பாதியில் குறுக்கிட்டுப் பதில் சொல்வார், சில இடத்தில் பியானோவை முந்திக்கொண்டு உச்ச ஸ்தாயிக்கே போய்விடுவார். தந்திகளைக் கட்டைக்குக் கிட்டே இறக்கி வைத்திருந்ததால் விரல்கள் கிடார்காரர் மாதிரி ஓடின. எவன்ஸும் இதற்கு இடம் கொடுத்து வாசித்தார். மூன்று பேரில் யார் பக்கவாத்தியம் என்று சொல்ல முடியாது. 'வால்ட்ஸ் ஃபார் டெபி' என்ற பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். டெபி என்பது எவன்ஸின் அண்ணன் மகள், குழந்தைக்காகப் போட்ட மெட்டு. தொடக்கத்தில் பியானோவும் பாஸும் மட்டும் கைகோத்துக்கொண்டு மூன்று தாளத்தில் போகும். டிரம்ஸ் நுழைந்ததும் நாலுக்கு மாறும். அந்த மாற்றம் நடக்கும் இடத்தில் பாஸை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். அதற்கு ஹெட்போன் வேண்டும். மொபைல் ஸ்பீக்கரில் போட்டால் லஃபாரோ இருந்த இடமே தெரியாது, பாதி ஆல்பம் போச்சு.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பதினோராவது நாள், ஜூலை 6 அன்று, நியூயார்க் மாநிலத்தில் ஜெனீவா என்ற ஊருக்கு அருகே கார் விபத்தில் லஃபாரோ இறந்துபோனார். வயது 25. எவன்ஸ் பல மாதம் வெளியே வாசிக்கவே இல்லை. அதனால்தான் முதலில் வந்த 'சண்டே' ஆல்பத்தை லஃபாரோவை முன்னிறுத்தித் தொகுத்தார்கள். ஆரம்பப் பாட்டு 'குளோரியாஸ் ஸ்டெப்', கடைசிப் பாட்டு 'ஜேட் விஷன்ஸ்', இரண்டும் அவர் எழுதியவை. இந்தச் செய்தி தெரிந்த பிறகு இந்த ஆல்பத்தைச் சோகமாகவே கேட்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த அறையில் இருந்த யாருக்கும் அது தெரியாது. வாசிப்பவர்கள் குஷியாகத்தான் வாசிக்கிறார்கள்.

கேட்பவர்களோ, கேட்கவே இல்லை! இதுதான் இந்தப் பதிவின் விசேஷம். பியானோ கிசுகிசுவென்று போய்க்கொண்டிருக்கும்போது பின்னால் கிளாஸ் உரசுகிறது, யாரோ சிரிக்கிறார்கள், ஒருவர் கதை பேசுகிறார். பாட்டு முடிந்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கைதட்டல். உலகம் அறுபது வருடமாகத் தலையில் வைத்துக்கொண்டாடும் கச்சேரிக்கு அன்று கிடைத்த மரியாதை அவ்வளவுதான். கல்யாண ரிசப்ஷனில் வயலின் வாசிப்பவரை நினைத்துக்கொண்டேன். ஒருமுறை ஆன்லைனில் மலிவாகக் கிடைத்ததே என்று இந்த ஆல்பத்தின் வேறொரு பதிப்பை வாங்கினேன், யார் போட்டது என்று சொல்ல வேண்டாம். இரைச்சலைச் சுத்தம் செய்கிறேன் என்று கிளப்பின் சத்தத்தை வழித்து எடுத்திருந்தார்கள். கூடவே சிம்பலின் மேல் ஓசையும் போய்விட்டது. மோஷன் பிரஷ்ஷால் தடவுவது ஏதோ அட்டைப்பெட்டியைத் தேய்ப்பது போல. அதைக் கடையில் ஆட்களுக்கு 'நாய்ஸ் கட்' எங்கே நிறுத்த வேண்டும் என்று பாடம் எடுக்க வைத்திருக்கிறேன்.

ஐந்து அமர்வையும் வாசித்த வரிசையிலேயே கேட்க 2005இல் மூன்று சிடித் தொகுப்பு ஒன்று வந்தது. அன்றைய முதல் பாட்டு 'குளோரியாஸ் ஸ்டெப்' நடுவில் கரண்ட் போய் டேப் தடைப்பட்டது, அதையும் அப்படியே சேர்த்திருக்கிறார்கள். நியூயார்க்கிலும் கச்சேரி நடுவில் கரண்ட் போகும் என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். அமர்வுகளுக்கு நடுவே பேச்சு, இருமல், நாற்காலி இழுக்கும் சத்தம் எல்லாம் இருக்கும். ஏற்கெனவே இரண்டு ஆல்பங்களும் மனப்பாடம் ஆனவர்களுக்கு இது விருந்து. புதிதாக வருபவர்களுக்கு வேண்டாம், ஒரே பாட்டு இரண்டு மூன்று தடவை வருவதில் அலுத்துவிடும். அவர்கள் 'வால்ட்ஸ் ஃபார் டெபி' தனி ஆல்பத்தோடு நின்றால் போதும்.

வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் மைக் காப்பாற்றிக் கொடுத்தது இன்னொன்றும் உண்டு. தெலோனியஸ் மங்க் பியானோ, ஜான் கோல்ட்ரேன் டெனர் சாக்ஸபோன். 1957இல் இவர்கள் இருவரும் நியூயார்க்கில் 'ஃபைவ் ஸ்பாட்' என்ற சின்ன கிளப்பில் மாதக்கணக்கில் சேர்ந்து வாசித்தார்கள். நேரில் கேட்டவர்கள் அதைப் பற்றிச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். ஆனால் சேர்ந்து வாசித்ததன் பதிவு மிகக் கொஞ்சம்தான் வெளியே வந்திருந்தது. 2005 தொடக்கத்தில் காங்கிரஸ் நூலகத்தில் லாரி ஆப்பிள்பாம் என்ற ஊழியர், பழைய வானொலி டேப்புகளை டிஜிட்டலுக்கு மாற்றும் வேலையில் இருந்தபோது ஒரு பெட்டியில் மங்க்கின் பெயரைப் பார்த்திருக்கிறார். 1957 நவம்பர் 29 அன்று கார்னகி ஹாலில் நடந்த நிதி திரட்டும் நிகழ்ச்சி. பில்லி ஹாலிடே, ரே சார்ல்ஸ், டிஸ்ஸி கில்லெஸ்பி எல்லோரும் மேடையேறிய அதே நிகழ்ச்சியில் இவர்களும் வாசித்திருக்கிறார்கள். 47 வருடம் டேப் தூங்கியிருக்கிறது. அதே வருடம் ப்ளூ நோட் கம்பெனி ஆல்பமாக வெளியிட்டது.

சத்தத்தின் தரம் பார்த்து அசந்துபோனேன். அந்த மண்டபத்தின் எதிரொலி சாக்ஸபோனுக்குப் பின்னால் அளவாக நிற்கிறது, மங்க் கட்டையை அடிக்கும் அழுத்தம் தெரிகிறது. மங்க் நேராக வாசிப்பவர் அல்ல. எதிர்பார்க்கும் இடத்தில் கையை எடுத்துவிடுவார், எதிர்பாராத இடத்தில் பக்கத்துப் பக்கத்துக் கட்டை இரண்டைச் சேர்த்து அமுக்குவார். தெரியாதவர்கள் தப்பாக விழுந்த விரல் என்பார்கள். கோல்ட்ரேன் அதற்கு நேர்மாறு, ஒரு மூச்சில் நூறு ஸ்வரம் கொட்டுகிற ஆள். 'மங்க்'ஸ் மூட்' என்ற முதல் பாட்டில் இருவரும் ஒருவரையொருவர் தொட்டுக்கொண்டே மெதுவாகப் போகிறார்கள். 'நட்டி'யில் கோல்ட்ரேன் அவிழ்த்து விடுகிறார், மங்க் கீழே இருந்து ஒரே ஒரு தட்டு தட்டி அவரைத் திசை திருப்புகிறார். டிரம்ஸில் ஷேடோ வில்சன், பாஸில் அகமது அப்துல் மாலிக். வில்சனைப் பற்றி அதிகம் பேசுவதில்லை யாரும். சத்தத்தைக் கூட்டாமல் வேகத்தை ஏற்றுவது எப்படி என்று அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டும். கடைசிப் பாட்டு பாதியில் டேப் தீர்ந்த மாதிரி நின்றுவிடும், அதிர்ந்துவிடாதீர்கள், உங்கள் சிடியில் கோளாறு இல்லை. இந்த ஒன்றுக்குப் பதிப்புச் சிக்கலும் கிடையாது, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் பெர்லின் கச்சேரி, 1960 பிப்ரவரி 13. பெரிய உள்ளரங்கம், பல ஆயிரம் பேர். 'மேக் தி நைஃப்' பாட்டில் நடுவே வரி மறந்துவிட்டது. நிறுத்தவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. மறந்துவிட்டேன் என்பதையே மெட்டில் வைத்துப் பாடி, அதே பாட்டைப் பாடிப் புகழ்பெற்ற லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கரகரத்த தொண்டையையும் நடித்துக் காட்டிவிட்டு முடிக்கிறார். அதற்கு கிராமி விருது! நம் மேடைப் பாடகர்கள் டேப்லெட்டில் வரி வைத்துக்கொண்டு தலை நிமிராமல் பாடுவதைத் தினம் பார்க்கிறவன் என்ற முறையில் இதைப் பரிந்துரைக்கிறேன். குரலுக்கு மைக் மிகக் கிட்டே, ஆனால் ஒரு இடத்தில்கூட மூச்சு வெடிக்கவில்லை. எவ்வளவு தூரத்தில் நின்றால் எந்த ஸ்வரம் எப்படிப் போகும் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. ஜாஸே கேட்டிராத வீட்டு ஆட்களை இழுக்க இதுதான் சரியான தூண்டில்.

எரால் கார்னரின் 'கான்சர்ட் பை தி சீ'யை விடமுடியாது. 1955 செப்டம்பர், கலிபோர்னியாவில் கார்மெல் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூட அரங்கம். ஆல்பம் போடும் எண்ணமே யாருக்கும் இல்லை, திரைக்குப் பின்னால் சும்மா ஓடிக்கொண்டிருந்த டேப். கார்னரின் மேனேஜர் மார்த்தா கிளேசர் அதைக் கைப்பற்றி கொலம்பியாவிடம் கொண்டுபோனார். சத்தம் மோசம், ஒத்துக்கொள்கிறேன். பியானோ ஸ்ருதி அங்கங்கே நழுவுகிறது, பாஸையும் டிரம்ஸையும் தேட வேண்டும், கார்னர் வாசித்துக்கொண்டே தொண்டையில் உறுமுவது எல்லாவற்றுக்கும் மேலே கேட்கிறது. ஆனாலும் லட்சக்கணக்கில் விற்றது. இடது கை ஒரு கிடார்காரர் போலத் தாளம் போட்டுக்கொண்டிருக்க, வலது கை கொஞ்சம் பின்தங்கி வேண்டுமென்றே தாமதமாக வரும். அந்தத் தாமதத்தில் ஒரு சிரிப்பு இருக்கிறது. நோட்டு படிக்கத் தெரியாத ஆள் அவர். பாட்டுக்கு முன்னால் ஒரு முன்னுரை வாசிப்பார், என்ன பாட்டு வரப்போகிறது என்று கூட வாசிப்பவர்களுக்கே தெரியாது. 2015இல் அதுவரை வெளிவராத 11 பாட்டுகளைச் சேர்த்து முழுக் கச்சேரியும் வந்திருக்கிறது. அதில் சத்தமும் கொஞ்சம் தேறியிருக்கிறது.

கடைசியாக டொராண்டோ, மாஸி ஹால், 1953 மே 15. சார்லி பார்க்கர் ஆல்டோ சாக்ஸபோன், டிஸ்ஸி கில்லெஸ்பி ட்ரம்பெட், பட் பவல் பியானோ, சார்ல்ஸ் மிங்கஸ் பாஸ், மாக்ஸ் ரோச் டிரம்ஸ். ஐந்து பேருமே அந்தந்த வாத்தியத்தில் உச்சம், ஒரே மேடையில். அன்று பார்த்துச் சிகாகோவில் மார்சியானோவும் வால்காட்டும் மோதிய ஹெவிவெயிட் குத்துச்சண்டை. அரங்கில் பெரும்பாலான நாற்காலி காலி. பார்க்கர் கையில் இருந்தது பிளாஸ்டிக்கில் செய்த கிராஃப்டன் சாக்ஸபோன். அதை வைத்துக்கொண்டு 'சால்ட் பீனட்ஸ்'ஸில் வாசித்ததைக் கேட்டால் வாத்தியத்தின் விலைக்கும் வாசிப்புக்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். பேசிய பணம் ஒழுங்காகக் கிடைக்காததால் டேப்பை எடுத்துக்கொண்டு போனார்கள். மிங்கஸும் ரோச்சும் நடத்திய டெபியூ கம்பெனியில் அது தட்டாக வந்தது. பார்க்கருக்கு வேறு கம்பெனியோடு ஒப்பந்தம் இருந்ததால் அட்டையில் 'சார்லி சான்' என்று புனைபெயர் போட்டார்கள்.

அதில் மிங்கஸின் பாஸ் சரியாகப் பதிவாகவில்லை. சொந்தக் கம்பெனி ஆயிற்றே, அவரே ஸ்டுடியோவில் உட்கார்ந்து தன் பாஸை மேலே மறுபடி வாசித்துச் சேர்த்துவிட்டார். இதைக் கலப்படம் என்று திட்டுகிறவர்கள் உண்டு. நியூபோர்ட்டில் கைதட்டலை ஒட்டியதைக் குறை சொன்ன நான் இதையும் திட்ட வேண்டும்தான். ஆனால் எனக்குக் கோபம் வரவில்லை. மேடையில் பின்னால் நிற்பவர் வாசிப்பது கேட்கவே இல்லை என்ற புகாரை வாராவாரம் வாங்கிக் கட்டிக்கொள்பவனுக்கு அந்த மனுஷன் ஏன் அதைச் செய்தார் என்று தெரியும். கேட்கும்போது மட்டும் ஒரு சங்கடம். மற்ற நாலு பேரும் பெரிய காலி அரங்கத்தில் வாசிக்க, மிங்கஸ் மட்டும் நம் பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிறார். பாஸ் சேர்க்காத மூலப் பதிவும் இப்போது கிடைக்கிறது. இரண்டும் அடங்கிய தொகுப்பாகப் பார்த்து வாங்குங்கள். ஒரே பாட்டை இரண்டு விதமாகவும் அடுத்தடுத்துப் போட்டால், மூலப் பதிவில் ரோச்சின் டிரம்ஸுக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது என்பதைக் கவனியுங்கள். என் ஓட்டு அதற்குத்தான், ஒரு சின்ன வித்தியாசத்தில்.